வக்கீல் வண்டிக்கு நான் போட்ட ஏஸி

எனக்கு ஞாபக சக்தி அதிகம் என்று சொல்வார்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு மண்டைதான் நோட்டுப் புத்தகம். எந்த வண்டிக்கு என்ன அளவு பெல்ட், எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் கேட்காமலே மோர் வரும், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு காரியம் மட்டும் ஞாபகத்தில் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக அதை நான் தேடாத நாள் கிடையாது.

அப்போது தி.நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஷெட் வைத்திருந்தேன். இரண்டு வண்டி நிற்கலாம். மூன்றாவது வந்தால் தெருவில் நிற்கும், பக்கத்து ஜாக்கெட் தைக்கிற கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஏஸி இல்லாமல் பிறந்த வண்டிகளுக்கு ஏஸி வைப்பதுதான் என் வேலை. இப்போது யாருக்கும் அது புரியாது. ஆட்டோவைத் தவிர எல்லாம் ஏஸியோடுதான் வருகிறது. அன்றைக்கு அம்பாசடர் வைத்திருந்தவர்கள் வியர்த்துக்கொண்டே கல்யாணத்துக்குப் போவார்கள். பட்டுப்புடவை முதுகில் ஒட்டிக்கொள்ளும். கையில் கொஞ்சம் வசதி வந்ததும் என் மாதிரி ஆளைத் தேடி வருவார்கள்.

பழைய வண்டிக்கு ஏஸி போடுவது, வயசானவரைத் தோளில் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்வது மாதிரி. இன்ஜினில் கம்ப்ரசரை உட்கார வைக்க இரும்பில் தாங்கி செய்ய வேண்டும். டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்ட வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால், சூட்டை வெளியே தள்ளுகிற கன்டென்சரை வைத்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறையும், அதற்கு ஒரு ஃபேன். டேஷ்போர்டுக்குக் கீழே, காலுக்கு மேலே, கூலிங் காயில் பெட்டி தொங்கும். குளிர்ச்சிக்கான கேஸ் போகிற பைப்பும் வருகிற பைப்பும் இன்ஜினுக்கும் காலுக்கும் நடுவில் நிற்கிற தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அங்கேதான் என் கதை இருக்கிறது.

வக்கீல் சாருக்கு மயிலாப்பூர். கபாலி கோயில் குளத்துக்குத் தெற்கே, பழைய வீடு. பக்கவாட்டில் நீளமாக ஒரு கார் ஷெட், மூன்று பக்கம் சுவர், முன்னால் மரக்கதவு. பால் நிறத்தில் அம்பாசடர். அவருடைய அப்பா வாங்கியது. டிரைவர் கிடையாது, வேறு யாரையும் ஓட்ட விட மாட்டார். மகளுக்கு மட்டும் அந்த வண்டியிலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். ஏஸி வேண்டும் என்று கேட்டது அவர் இல்லை, மாமி. முந்தின வருஷம் வைகாசியில் காஞ்சிபுரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது வண்டியிலேயே மயங்கி விழுந்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் நச்சரித்து அவரை என் ஷெட்டுக்கு அனுப்பினார்.

வந்தவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"எத்தன ஓட்டை போடுவே?"

"சார்?"

"என் வண்டியில எத்தன எடத்துல ஓட்டை போடுவேன்னு கேக்கறேன்."

"நாலு சார். பைப்புக்கு ரெண்டு, ஒயருக்கு ஒண்ணு, தண்ணி சொட்டுறதுக்குக் கீழ ஒண்ணு."

"நாலுதானே? அஞ்சு இல்லையே?"

"நாலுதான் சார்."

கோர்ட்டில் சாட்சியைப் பார்ப்பது மாதிரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நாலுன்னு சொல்லியிருக்கே, ஞாபகம் வெச்சுக்கோ" என்று சாவியைக் கொடுத்தார்.

ஒரு வாரம் வேலை. பக்கத்து ஷெட்டில் டிங்கர் வேலை பார்க்கிற என் சிநேகிதன் தாங்கி அடித்துக் கொடுத்தான். தகரத்தில் எது கேட்டாலும் செய்வான், வாய் மட்டும் சும்மா இருக்காது. "இன்னா நைனா, வக்கீல் வண்டியா? பார்த்துத் தொடு, கீறல் வுழுந்தா நேரா ஹைகோர்ட்டுதான்" என்று சிரிப்பான்.

ஏஸி வேலையில் பாதி, குளிர்ச்சியை உண்டாக்குவது. மீதிப் பாதி, அதை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. பழைய அம்பாசடரில் காற்று வராத இடம் கிடையாது. கதவு ரப்பர் காய்ந்து போயிருக்கும். தரையில் துரு அரித்திருக்கும். முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்கோணக் கண்ணாடி ஒழுங்காக மூடாது. எல்லாவற்றையும் நான் அடைத்தேன். நான்கு கதவுக்கும் புது ரப்பர். பெடல் பக்கத்தில் பஞ்சு. தரைக்குத் தார்ப் பூச்சு. அவ்வளவு இறுக்கமாக எந்த வண்டியையும் அதற்கு முன்னால் நான் செய்ததில்லை. கடைசிக் கதவைச் சாத்தினால் காதில் ஒரு அடைப்பு தெரியும். அதில் எனக்கு ஒரு பெருமை.

வியாழக்கிழமை சாயந்திரம் தகரச் சுவரில் பைப்புக்கு ஓட்டை போட்டேன். முதல் ஓட்டை போட்டு பைப்பை நுழைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் ஸ்டீயரிங் தண்டு இடிக்கிறது, பைப்பை வளைக்க இடமில்லை. அவசரத்தில் அளவு தப்பிவிட்டேன். இரண்டு விரல் தள்ளி இன்னொன்று போட்டேன். பைப் அதில் சரியாக வந்தது. ஆனால் முதல் ஓட்டை அங்கேயே இருந்தது. எட்டணா காசு அளவு, வட்டமாக, என்னைப் பார்த்துக்கொண்டு.

ஐந்தாவது ஓட்டை.

டிங்கர்காரன் இருந்தால் தகடு வைத்துப் பற்ற வைத்திருப்பான். அன்றைக்குப் பார்த்து அவன் மச்சினிச்சிக்கு வளைகாப்பு என்று செங்கல்பட்டு போய்விட்டான். ரப்பர் மூடி போட்டு அழுத்தினாலும் போதும், அந்த அளவில் என்னிடம் இல்லை. ஜி.பி. ரோட்டில் மோட்டார் சாமான் கடை திறக்கப் பத்து மணி ஆகும். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டியை எடுக்க வேண்டும் என்று வக்கீல் சார் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருந்தார். எட்டரைக்கே வந்து ஷெட் வாசலில் நின்றார். கையில் ஒரு பையில் நான்கு எலுமிச்சம்பழம், கற்பூரம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பெட்ரோல் டேங்க் ஒழுகினால் துணி சோப்பை வெட்டிப் பிசைந்து அடைத்துவிடுவோம். மாசக்கணக்கில் நிற்கும். பெட்ரோலில் சோப்பு கரையாது. பெட்ரோலுக்கு நிற்கிற சோப்பு இன்ஜின் சூட்டில் உருகிக் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. இல்லை, தோன்றியிருக்கும். செவ்வாய்க்கிழமை ஏஸி கேஸ் அளவு பார்க்க அவர் வீட்டுக்குப் போகத்தானே போகிறோம், அப்போது ரப்பர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பேன். நீல சோப்புக் கட்டியில் ஒரு துண்டு வெட்டிப் பிசைந்து ஓட்டையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். மேலே கறுப்புக் கம்பளி விரிப்பைப் போட்டு மூடினேன்.

"நாலுதானே?" என்றார் வக்கீல் சார்.

"நாலுதான் சார்" என்றேன்.

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. சந்து முனை வரை கூடவே நடந்துபோய் ஜன்னலைத் தட்டி ஒன்று சொன்னேன். "ஏஸி ஓடும்போது கண்ணாடிய ஒரு நூல் கூட எறக்காதீங்க சார். எல்லாக் குளிரும் போயிடும்." அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கடைசி வரைக்கும் சுற்றி ஏற்றினார். அப்படி ஏற்றச் சொன்னவன் நான்.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அந்த நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. பஸ்ஸில் குளத்தங்கரையில் இறங்கியது, வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டியது, மாமி டவரா டம்ளரில் காப்பி கொண்டுவந்தது.

"வாப்பா, ஒக்காரு. ஒன் ஏஸி நன்னாத்தான் இருக்கு. ஆனா வண்டி நின்னா எடத்துலயே ஒண்ணுக்குப் போறதே, அது என்ன?"

"அது குளுரு தண்ணி மாமி. காத்துல இருக்கற ஈரம் சொட்டுது. அப்படித்தான் சொட்டணும்."

"இவர் கேக்கறாரா? கீழ ஒரு பாத்திரத்தை வெச்சுண்டு பாத்துண்டே இருக்கார். ஏன்னா, கேட்டேளா? சொட்டணுமாம்."

உள்ளேயிருந்து வக்கீல் சார், "பாத்திரத்தை எடுத்துடு, வேண்டாம்" என்று சொன்னது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஷெட்டுக்குள் போய் பானெட்டைத் திறந்தேன். கேஸ் மீட்டரை மாட்டினேன். பைப் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். கசிந்தால் குமிழ் வரும், வரவில்லை. நின்ற இடத்தில் ஏஸி ஓடினால் இன்ஜின் திணறியது, அதனால் ஓட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன். இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகிற மேனிபோல்டில் லேசாகப் புகை கசிந்தது. அடுத்த தடவை மாற்றிவிடலாம் சார் என்றேன். வெயில் காலம் போகட்டும் என்றார். சட்டைப் பையில் ரப்பர் மூடி இருந்தது. திங்கட்கிழமையே ஜி.பி. ரோட்டில் வாங்கியது. அது பையில் உருண்டது வரைக்கும் தெரிகிறது.

அதைப் போட்டேனா என்பது தெரியவில்லை.

வக்கீல் சார் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். விரிப்பைத் தூக்கினால் ஐந்தாவது ஓட்டை தெரிந்திருக்கும். அவர் நகரட்டும் என்று காத்திருந்திருப்பேன். நகர்ந்தாரா? கையில் சோப்பு இருந்த மாதிரி இருக்கிறது. அது நுரை தடவிய சோப்பா, ஓட்டையிலிருந்து பெயர்த்த சோப்பா? அதற்கப்புறம் எனக்கு வருவது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற நான்தான். நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் அக்னி நட்சத்திரம் கொளுத்தியது. மத்தியானம் ஆனால் கரண்ட் போய்விடும், இரண்டு மணி நேரம் வராது. அப்படி ஒரு மத்தியானம் வக்கீல் சார் தன் வீட்டுக் கார் ஷெட்டில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, ஏஸியைப் போட்டுக்கொண்டு, பின் சீட்டில் பேப்பரோடு சாய்ந்துவிட்டார். தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்று மரக்கதவையும் சாத்திக்கொண்டார். மூன்றரை மணிக்கு மாமி காப்பிக்குக் கூப்பிடப் போனபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய்விட்டிருந்தார். ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வீட்டு டாக்டர் வந்து பார்த்து, தூக்கத்திலேயே ஹார்ட் நின்றுவிட்டது என்றார். யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

எனக்குச் சொல்லி அனுப்பியது பதிமூன்றாம் நாள். போனேன். மாமி என்னைப் பார்த்ததும் அழுதார். அப்புறம் என்னைக் கூடத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்.

"இவன்தான் ஏஸி போட்டுக் கொடுத்தான். ஒரு வேர்வை இல்ல, ஒரு வலி இல்ல. மொகம் அப்படியே ரோஜாப்பூ மாதிரி செவசெவன்னு இருந்தது. மனுஷாள்ல அப்படி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும்? நீ நன்னா இருப்பே. ஒன் கையாலதான் அவருக்கு அந்தக் குளிர்ச்சி."

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு வேட்டி வரும். முதல் இரண்டு வருஷம் கட்டினேன்.

அப்போதே எனக்கு ஓட்டை ஞாபகம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் சும்மா ஒரு உறுத்தல், செருப்பில் கல் மாதிரி. ரப்பர் போட்டிருப்போம் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வருஷம் ஒரு டாக்டர் தன் வண்டிக்குக் கேஸ் நிரப்ப வந்தார். அடையாறில் பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர். நான் வேலை பார்க்கும்போது சும்மா பேசிக்கொண்டிருந்தார். வண்டிப் புகையில் இருக்கிற விஷ வாயு உள்ளே வந்தால் வாசனையே தெரியாதாம், தூக்கம் வருமாம், அவ்வளவுதானாம். "அதுல செத்தவங்கள பார்த்தா செத்த மாதிரியே இருக்காது. மொகம் நல்ல செவப்பா இருக்கும்" என்றார்.

கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அன்றைக்கு அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

வீட்டில் மத்தியானம் கரண்ட் போனால் இன்றைக்கும் எழுந்து ஜன்னலை எல்லாம் திறந்துவிடுவேன். ஃபேன் நின்று அந்த அமைதி வரும்போது எங்கோ ஒரு அம்பாசடர் மெதுவாக ஓடுகிற சத்தம் கேட்கும். தெருவில் எட்டிப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. துணி துவைக்க நீல சோப்பு வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனையோ வண்டிக்கு ஏஸி போட்ட நான், கண்ணாடி ஏற்றிய வண்டியில் அதற்கப்புறம் இந்த வருஷம் வரைக்கும் உட்கார்ந்ததில்லை. மகன் வாடகைக் கார் கூப்பிட்டால் என் பக்கத்துக் கண்ணாடி கீழே இறங்கியே இருக்கும். டிரைவர் திட்டுவான். "இன்னா பெருசு, ஏஸிய ரோட்டுக்கா வுடற?" திட்டட்டும்.

ஷெட்டை மூடி, மகனோடு கே.கே. நகர் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன மாசம் ஒரு போன்.

"நான் வக்கீல் ஆத்துப் பொண்ணு பேசறேன். ஞாபகம் இருக்கா?"

அந்த அம்மா இப்போது அடையாறில் இருக்கிறார், அவரே ரிடையர் ஆகிவிட்டார். மாமியும் அங்கேதான். வக்கீல் சார் இறந்த வருஷமே வண்டி நின்றுவிட்டது, அப்புறம் அடையாறு வீட்டுப் போர்ட்டிகோவில் உறை போட்டு வைத்திருந்தார்கள். இன்ஜினை மட்டும் அவ்வப்போது ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள், ஏஸியை ஒருத்தரும் தொடவில்லை.

"அம்மாவுக்கு எண்பத்தெட்டு ஆயிடுத்து. அந்த வண்டியில ஒரு தரம் கபாலி கோயில சுத்தி வரணும்னு பிடிவாதமா இருக்கா. வெயில்ல தாங்க மாட்டா. பழைய ஏஸி வேலை செய்யல. புதுசாப் போடணும். வேற யாரையும் தொடவிடக் கூடாதாம், அப்பாவுக்குப் போட்ட கைதான் போடணுமாம்."

எனக்கு இப்போது கை நடுங்குகிறது, கண் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் புது ஏஸி போட வேண்டுமானால் பழைய பெட்டியைக் கழற்ற வேண்டும். பழைய பெட்டியைக் கழற்றினால் விரிப்பைத் தூக்க வேண்டும். அதற்காகத்தான் சரி என்றேன்.

டிங்கர்காரன் இப்போது சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரமாக ஒரு இடத்தில் இருக்கிறான். எழுபத்தைந்து வயசில் இன்னும் தகரம் அடிக்கிறான். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு அங்கே போனோம். அவன் பானெட்டைத் தடவிப் பார்த்தான்.

"நம்ம தாங்கி நைனா! அப்படியே கீது பாரு. துருவே பிடிக்கல. நாமதான் துருப் பிடிச்சுப் பூட்டோம்."

"கம்முனு வேலையைப் பாரு மச்சி."

"யாருக்கு வேலை? ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு நல்ல முட்டி இல்ல. உள்ள பூந்தா யாரு நம்மள வெளிய இழுக்கறது?"

பெட்டியைக் கழற்ற அரை நாள் ஆனது. அதற்கப்புறம் விரிப்பு மட்டும்தான் இருந்தது. நான் ஷெட் வாசலுக்கு வந்து நின்றுகொண்டேன். கூவம் நாற்றம் அன்றைக்கு எனக்கு நல்லதாக இருந்தது, வேறு எதுவும் மூக்கில் ஏறவில்லை. பத்து நிமிஷம் நின்றிருப்பேன்.

"இன்னா நைனா, ஒண்ணுக்கா?"

"மச்சி, நீயே தூக்கு. ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டை இருக்கும். பாத்து சொல்லு."

அவன் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டான்.

"கீது."

"அதுல ரப்பர் மூடி இருக்கா?"

"இல்ல. அப்படியே அந்தாண்ட இன்ஜின் தெரியுது. ஓரத்துல மட்டும் வெள்ளையா இன்னாவோ ஒட்டிக்கினு கீது, சுண்ணாம்பு மாதிரி."

"சொரண்டி எடு."

உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினான். நீலம் எல்லாம் போய் சாம்பல் மாதிரி இருந்தது. பக்கத்து வாளியில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தேன்.

நுரை வந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் தடவையாக வாய் திறந்து எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். சோப்பு, ராகு காலம், நாலு ஓட்டை என்று பொய் சொன்னது, ரோஜாப்பூ முகம். அவன் ஒரு தடவைகூட சிரிக்கவில்லை. கடைசியில் சொன்னான்.

"செட்டு கதவ மூடிக்கினு இன்ஜின ஓட்டினா ஓட்டையே இல்லாட்டியும் புகை பூந்துடும் நைனா. மேனிபோல்டு வேற கசிஞ்சுதுன்ற. அவுருக்கு ஹார்ட்டு வேற. எது இன்னான்னு இப்ப யாரு சொல்றது?"

"வக்கீல் சார் பொண்ணுகிட்ட சொல்லப் போறேன்."

"பைத்தியமா? சொல்லி இன்னா ஆவப்போவுது? அவுரு எழுந்து வரப்போறாரா? வாய மூடிக்கினு ஏஸியப் போட்டுக் குடு."

அவன் சொன்னதில் தப்பில்லை. ஓட்டையில் தகடு வைத்துப் பற்ற வைத்தான். பைப் நுழைகிற இடமெல்லாம் இரட்டை ரப்பர் போட்டேன். மேனிபோல்டு கேஸ்கெட், சைலன்சர், எல்லாம் புதுசு. இப்போதெல்லாம் சின்னக் கார்களில் வருகிற கம்ப்ரசர் தேங்காய் அளவுதான் இருக்கிறது, இன்ஜினுக்குப் பாரமே தெரியவில்லை. வேலை முடிந்ததும் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ஏஸியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். வெளியே டிங்கர்காரன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கண்ணாடியைத் தட்டினான். நான் கையை ஆட்டினேன்.

வண்டியைப் பார்க்க வக்கீல் மகள் வந்தபோது சொல்லிவிட்டேன். டிங்கர்காரன் சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். அந்த அம்மா பானெட்டில் கையை ஊன்றி நின்றபடி முழுக்கக் கேட்டார்.

"எவ்வளவு பெரிய ஓட்டை?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்துக் காட்டினேன். அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எப்போ தெரியும்?"

"போன வாரம்தான்மா தெரியும். சந்தேகம் முப்பது வருஷமா."

"இப்போ அடைச்சாச்சா?"

"தகடு வெச்சுப் பத்த வெச்சாச்சு. நானே உள்ள ஒக்காந்து பார்த்தேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கைக்குட்டையால் பானெட்டில் தன் விரல் பட்ட இடத்தைத் துடைத்தார். அவருடைய அப்பா அப்படித்தான் துடைப்பார்.

"அம்மா காதுல இது விழக் கூடாது" என்றார். "அன்னிக்குக் கரெண்ட் போனதும் அப்பா திண்டாடிண்டு இருந்தார். அம்மாதான், வண்டியில போய் ஏஸி போட்டுண்டு படுங்கோன்னு அனுப்பினா. அப்பா மாட்டேன்னார். பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பினா. தான் அனுப்பினதாலதான் அவர் கஷ்டப்படாம போனார்னு நெனச்சுண்டு இருக்கா. அத வெச்சுண்டுதான் இத்தன வருஷம் இருக்கா."

"சரிம்மா."

"நீங்களும் வரணும். வண்டியில. ஞாயித்துக்கிழமை கார்த்தால."

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கே வெயில் அடித்தது. மகள்தான் ஓட்டினார். நான் முன்னால் அவருக்குப் பக்கத்தில். மாமியை இரண்டு பேர் பிடித்துப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். அரக்குப் புடவை, காதில் வைரத் தோடு. உடம்பு சுருங்கி அந்த சீட்டில் ஒரு மூலைக்குத்தான் வந்தார். வக்கீல் சார் சாய்ந்திருந்த அதே மூலை. நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருந்தேன்.

அடையாறு பாலம் ஏறும்போது மாமி சொன்னார். "ஏம்ப்பா, கண்ணாடிய ஏத்து. ஒரு நூல் எறக்கினாக்கூட குளிர் போயிடும்னு அவர்கிட்ட நீதானே சொன்னே? எனக்குச் சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனார்."

மகள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கைப்பிடியைச் சுற்றினேன். கண்ணாடி மேலே போய் முட்டியது. தெருச் சத்தம் எல்லாம் நின்றது. காதில் அந்த அடைப்பு.

குளிர் நன்றாகத்தான் வந்தது. பாலம் இறங்கியதும் மாமிக்குத் தலை சாய்ந்தது. நான் உடம்பைத் திருப்பிக்கொண்டேன்.

"மாமி, ஒங்க வீட்டுல அப்போ ஒரு பூனை இருந்துதே, சாம்பல் கலரு."

கண்ணைத் திறந்தார். "அது எப்பவோ போயாச்சே."

கொஞ்ச தூரம் போனோம். மறுபடியும் கண் மூடியது.

"மாமி, காஞ்சிபுரம் கல்யாணம், மயங்கி விழுந்தீங்களே, அது யாரு கல்யாணம்?"

"என் ஓர்ப்படி பொண்ணு." கண் திறக்கவில்லை, ஆனால் பேசினார். "ஏன் கேக்கறே?"

"சும்மா மாமி."

அடுத்தது என்ன கேட்பது என்று நான் தேடிக்கொண்டிருந்தபோது மகள் ஆரம்பித்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அம்மா, அந்தக் கல்யாணத்துல சமையல் யாரு?" மாமி சொன்னார். "அம்மா, நீ அன்னிக்கு என்ன புடவை?" அதையும் சொன்னார். இப்படி அவர் ஒன்று, நான் ஒன்று. சிக்னலில் நிற்கும்போதுகூட விடவில்லை. மாமியின் பதில் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக வந்தது. அந்தத் தாமதத்தில் நான் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மந்தைவெளியில் ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை. மகள் இன்னொரு தரம் கேட்டார். "அம்மா?" வெயில் கண்ணாடி வழியாக மாமி முகத்தில் விழுந்து கன்னம் சிவந்திருந்தது. நான் சீட்டுக்கு மேலே எக்கி அவர் கையைத் தொட்டேன். ஏஸி காற்றில் அது சில்லென்று இருந்தது. அந்தக் கையைப் பிடித்து ஆட்டினேன். கொஞ்சம் பலமாகவே ஆட்டிவிட்டேன்.

மாமி விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், மகளின் முதுகைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் இன்னிக்கு என்ன வந்துடுத்து? செத்த நாழி கண் அசர விடமாட்டேளா?"

"கோயில் வந்தாச்சு மாமி" என்றேன்.

வரவில்லை. இன்னும் ஒரு மைல் இருந்தது. அவர் கையை நான் விடவில்லை.